ஒன்றே முக்கால் மூட்டை பொரி

அப்பா தரையை விட்டு மேலே எழும்பினார்.

சத்தியமாக எழும்பினார். கோயில் தராசின் ஒரு தட்டில் அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிர்த் தட்டில் பொரி மூட்டைகள். ஏழு மூட்டையை ஏற்றிவிட்டு, எட்டாவதைப் பிரித்து முறத்தால் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தோம். கால் மூட்டைதான் போயிருக்கும். சங்கிலி கிரீச்சென்றது. அப்பாவின் தட்டு நாலு விரல் உயர்ந்து, லேசாக ஆடி, அப்படியே நின்றது.

சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அர்ச்சகர் மணி அடித்தார். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் மட்டும் பேயறைந்த மாதிரி நின்றேன்.

ஏனென்றால் என் கணக்குப்படி அவர் அப்போது எழும்பவே கூடாது. ஒன்பதாவது மூட்டையின் கடைசிக் கைப்பிடி விழும்போதுதான் எழும்ப வேண்டும். முந்தின நாள் ராத்திரி சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து, "ஒரு பிடிகூட மிச்சம் வராது, பாத்துக்கோங்க" என்று சவால் வேறு விட்டிருந்தேன். இப்போது சுவரோரம் முக்கால் மூட்டையும், பிரிக்காத முழு மூட்டை ஒன்றும் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்தன.

போன வாரம் இந்தப் பத்தியில் எழுதிய, மெட்ரோவில் டிபன் பாக்ஸைத் தொலைத்த கதையைப் படித்துவிட்டு, "உனக்கு எப்பவும் பொருள்தான் தொலையுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இல்லை சார். இந்த வாரம் தொலைந்தது பதினாலு கிலோ.

பொரி ஏன் என்றால்

துலாபாரம் தெரியும்தானே. ஒருத்தர் பிழைத்து வந்தால் அவருடைய எடைக்கு எடை ஏதாவது தருகிறேன் என்று வேண்டிக்கொள்வது. வெல்லம் தருவார்கள், வாழைப்பழம் தருவார்கள், அரிசி தருவார்கள். புத்தியுள்ளவர்கள் யாரும் பொரி தர மாட்டார்கள்.

அம்மா வேண்டிக்கொண்டது அதற்கு முந்தின வருஷம். அப்பாவுக்கு டெங்கு. பிளேட்லெட் சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தது. வாய்க்கு எதுவும் பிடிக்காமல் கிடந்த மனுஷன், ஒரு சாயங்காலம் கண்ணைத் திறந்து, பொரியும் வேகவைத்த கடலையும் வேண்டும் என்றார். நர்ஸ் கூடவே கூடாது என்றுவிட்டார். அம்மா வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டு, பெங்களூர் மல்லேஸ்வரத்தில் எங்களுக்குத் தெரிந்த ஆஞ்சநேயர் பெயரைச் சொல்லி, "இவர எழுப்பி வுட்ரு, இவரு எடைக்குப் பொரி குடுக்கறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து எண்ணிக்கை ஏறியது. அதில் எனக்குத் தகராறு இல்லை. தகராறு எல்லாம் பொரியில்தான்.

"ஏம்மா, வெல்லம்னு வேண்டியிருந்தா ஒரு பெட்டியில முடிஞ்சிருக்கும்."

"பொரி லேசாத்தானேடி கீது. கஷ்டம் இல்லாம இருக்கும்னு நெனச்சேன்."

அம்மா மனதில் ஓடியது இதுதான். பொரி லேசானது, அதனால் கொஞ்சம் போதும். லேசானது என்பதால்தான் நிறைய வேண்டும் என்று நான் அரை மணி நேரம் விளக்கினேன். எழுபத்திரண்டு கிலோ அரிசி மூலையில் ஒரு மூட்டையாக உட்காரும், எழுபத்திரண்டு கிலோ பொரி நம் ஒக்கலிபுரம் வீட்டு ஹாலையே அடைக்கும் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ அம்பது கிலோ போதும்ல?" என்று கேட்டாள். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

எண்ணெய் பாக்கெட் படிப்பு

இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. வைட்ஃபீல்டில் மளிகைச் சாமான் டெலிவரி செய்யும் ஒரு ஆப் கம்பெனியில்தான் வேலை. அங்கே என் பிழைப்பே லிட்டருக்கும் கிலோவுக்கும் நடுவில் நடக்கும் சண்டைதான். எண்ணெய் பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று போட்டுப் பக்கத்திலேயே 910 கிராம் என்று போட்டிருக்கும். வாரம் தவறாமல் யாராவது அதை வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, தொண்ணூறு கிராமைத் திருடிவிட்டீர்கள் என்று எழுதுவார்கள்.

எண்ணெய் தண்ணீரைவிட அடர்த்தி குறைவு, ஒரு லிட்டர் இடத்தை அடைத்தாலும் எடை அவ்வளவுதான் இருக்கும் என்று நான் பணிவாகப் பதில் போடுவேன். தேன் வாங்கியவர் புகார் செய்வதே இல்லை. அவருக்கு ஒரு லிட்டர் பாட்டிலில் கிட்டத்தட்ட ஒண்ணரை கிலோ கிடைக்கிறது.

ஆக சூத்திரம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. கிலோவை அடர்த்தியால் வகுத்தால் லிட்டர், லிட்டரை அடர்த்தியால் பெருக்கினால் கிலோ. பொரியின் அடர்த்தி மட்டும் தெரிந்தால் போதும், அஞ்சு நிமிஷ வேலை என்று நினைத்தேன்.

பொரிக்கு அடர்த்தி என்று ஒன்றே கிடையாது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

கேக் செய்ய வாங்கி, கேக் செய்யாமலே வைத்திருந்த சின்னத் தராசை எடுத்தேன். ஒரு லிட்டர் கேனில் பொரியை நிரப்பித் தலை தட்டினேன். தொண்ணூறு கிராமுக்குக் கொஞ்சம் மேல். கேனை இரண்டு தட்டுத் தட்டினேன். பொரி அமுங்கி மேலே இடம் விட்டது. மறுபடி நிரப்பினேன். நூற்றியெட்டு. கோபுரமாகக் குவித்தால் நூற்றிருபது. அதே கேன், அதே பொரி. இணையத்தில் தேடினால் ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு எண் சொன்னது. பொரிக்கு நடுவில் இருக்கும் காற்றும் சேர்ந்துதான் அந்த ஒரு லிட்டர், எவ்வளவு காற்று என்று யாருக்கும் தெரியாது.

பாலிடெக்னிக் முடித்த அப்பா ஸ்வெட்டரோடு சோபாவில் உட்கார்ந்து இதையெல்லாம் வேடிக்கை பார்த்தார். ஒரு தட்டு உப்புமா முடித்துவிட்டு இரண்டாவது தட்டில் இருந்தார்.

"இன்னா இன்ஜினியரே, பொரி பதில் சொல்லுதா?"

"நீங்க உங்க எடைய சொல்லுங்க மொதல்ல."

"எழுபத்திரெண்டு. எப்பவும் எழுபத்திரெண்டுதான்."

எழுதிக்கொண்டேன். பொரியை அன்றைக்கு மட்டும் இருபது தடவையாவது நிறுத்துப் பார்த்திருப்பேன். எழுபத்திரண்டை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

மஞ்சண்ணாவின் லிட்டர்

நம் ஊரில் பொரியைக் கிலோவில் யாரும் விற்பதில்லை. ஆயுத பூஜை சமயத்தில் கே.ஆர். மார்க்கெட் பக்கம் போய்ப் பாருங்கள். மலை மாதிரி குவித்து வைத்து, தகர அளவையால் சேர் கணக்கிலும் லிட்டர் கணக்கிலும்தான் அளந்து கொட்டுவார்கள். எவ்வளவு பெரிய ஆர்டராக இருந்தாலும் அளவைதான், தராசு கிடையாது.

பொரி வறுக்கும் பட்டி வைத்திருந்த மஞ்சண்ணாவிடம் ஒரு மூட்டை எத்தனை கிலோ என்று கேட்டபோது, ஏதோ அவருடைய வயதைக் கேட்ட மாதிரி யோசித்தார். "கிலோல்லாம் கொத்தில்லம்மா. மூட்டைக்கு எம்பது லிட்டர். மழைன்னா கொஞ்சம் பாரமா இருக்கும், வெயிலுன்னா லேசா இருக்கும்" என்று கன்னடமும் தமிழும் கலந்து சொன்னார். கொத்தில்ல என்றால் தெரியாது. எப்படி அளப்பீர்கள், தலை தட்டியா, குவித்தா என்று கேட்டேன். கை போனபடி என்றார்.

அதற்குமேல் என்ன செய்ய. அவர் அளந்து கொட்டிய மூட்டையிலிருந்தே மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்தில் என் கேனில் அள்ளி நிறுத்தேன். சராசரி எடுத்தால் லிட்டருக்கு நூறு கிராம் அச்சு அசலாக வந்து நின்றது. மூட்டைக்கு எட்டு கிலோ. எழுபத்திரண்டை எட்டால் வகுத்தால் ஒன்பது. மிச்சம் பூஜ்யம். கணக்கு இவ்வளவு அழகாக வந்தால் யாருக்குத்தான் தலை கனக்காது.

அம்மா பத்தாக வாங்கிவிடலாம் என்றாள். நான் முடியாது என்றேன்.

ஒரு பெல்ட்

இதற்கு நடுவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்போது அது எனக்கு ஒரு விஷயமாகவே தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் தோல் கருகும் வாசனை. போய்ப் பார்த்தால் அப்பா கேஸ் அடுப்பில் ஆணியைக் காய்ச்சி, இடுக்கியால் பிடித்து, பெல்ட்டில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். அது புது ஓட்டை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்றும் கையால் போட்டதுதான்.

"தோலு இழுத்துக்கிச்சு பாப்பா. மட்டமான பெல்ட்டு."

தோல் இழுபட்டு நீளும் என்பது நியாயமாகத்தான் பட்டது. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக இருந்தது. அடுப்புப் பக்கம் நிற்கிறார், வியர்க்காதா? அந்த வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டிருந்தார். டெங்கு வந்த உடம்பு, குளிரும் என்று அம்மா சொல்லியிருந்தாள். வியர்க்கிற ஆளுக்கு எப்படிக் குளிரும் என்று நான் கேட்கவில்லை.

அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், அவர் சாப்பிடுவதைப் பார்த்து. ஆஸ்பத்திரியில் ஒரு ஸ்பூன் கஞ்சி இறங்காத ஆள் இப்போது இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுகிறார் என்று பக்கத்து வீட்டிலெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆஞ்சநேயர் முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார், நாம்தான் இன்னும் கொடுக்கவில்லை என்பதுதான் அவள் கவலை. அப்பாவோ நாளைத் தள்ளிக்கொண்டே போனார். அவர் எலக்ட்ரிகல் சூப்பர்வைசராக இருந்த அபார்ட்மெண்டில் ஒரு வாரம் ஜெனரேட்டர் ரிப்பேர், அடுத்த வாரம் லிஃப்ட் ஆடிட். பொரியில் போய்த் துலாபாரமா, கூச்சமாக இருக்கிறது என்றும் சொன்னார். கடைசியில் அம்மா இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்துதான் சம்மதிக்க வைத்தாள்.

தட்டு கொள்ளாத புருஷன்

ஒன்பது மூட்டையையும் இரண்டு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கியபோது அர்ச்சகர் வாசலுக்கே வந்துவிட்டார். எழுபத்திரண்டு கிலோ பொரி என்று அம்மா போனில் சொன்னபோது அவர் மனதிலும் ஒரு சின்னக் குவியல்தான் இருந்திருக்கிறது. தட்டில் இவ்வளவும் நிற்காது, இரண்டு தவணையாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"சாமி, புருஷன பாதி பாதியா எடை போடறதா?" என்றாள் அம்மா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மூட்டைகளை நெட்டுக்குத்தாக அடுக்கி, சங்கிலியோடு கயிற்றால் சேர்த்துக் கட்டினோம். நான் விடவில்லை. காலிச் சாக்குகளையும் அதே நீளத்துக் கயிற்றையும் கொண்டுவந்து அப்பா மடியில் வைத்தேன். சாக்கின் எடை, கயிற்றின் எடை கழிய வேண்டும் இல்லையா. அர்ச்சகர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு உட்காரச் சொன்னபோது அப்பா குளிருது என்றார். சரி, அதுவும் என் கணக்கில் கால் கிலோ என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பக்கம் கோபுரம் மாதிரி பொரி, இந்தப் பக்கம் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு அப்பா. அப்புறம் நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேனே.

கை தட்டல் அடங்கியதும் அம்மா திரும்பி மிச்ச மூட்டையைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா, உன் கணக்கு தப்பு. ஒரு பிடி மிச்சம் வராதுன்ன."

எனக்குக் காது சூடானது. எங்கே தப்பு? ஆட்டோவில் குலுங்கிப் பொரி அமுங்கியிருக்கும். அமுங்கினால் மூட்டை சின்னதாகும், எடை ஏறாதே. காலையில் தூறல் இருந்தது, ஈரம் குடித்திருக்கும். மஞ்சண்ணா தாராளமாகக் குவித்து அளந்திருப்பார். எல்லாமே காரணம்தான். எதுவும் போதவில்லை.

பையில் தராசும் கேனும் இருந்தன. வெட்கத்தைப் பார்க்காமல் பிராகாரத்துத் தரையில் உட்கார்ந்தேன். எட்டாவது மூட்டையிலிருந்து ஒரு லிட்டர். நூற்றிரண்டு. பிரிக்காத ஒன்பதாவதைப் பிரித்து ஒரு லிட்டர். நூறு. அப்புறம் அந்த மூட்டை முழுவதையும் கேன் கேனாக அளந்து பார்த்தேன். அர்ச்சகர் அடுத்த பூஜைக்கு நேரமாகிறது என்று முணுமுணுத்தார். பிரசாதப் பொரி வாங்க வந்த ஜனங்கள் வளைத்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். எண்பத்தோரு லிட்டர்.

"பொரி சரியாத்தான்மா இருக்கு."

"அப்போ எதுடி தப்பு?"

சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. லிட்டர் சரி, அடர்த்தி சரி, மூட்டை சரி. எல்லாம் சரியாக இருக்கும்போது விடை மட்டும் எப்படித் தப்பாகும் என்று கேனைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன்.

அம்மாவுக்கு அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை. அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. தராசுப் பக்கம் நடந்தாள். அப்பா இன்னும் தட்டிலேயே இருந்தார். இறங்கினால் எதிர்த் தட்டு டமாரென்று விழும், அதனால் அசையக் கூடாது என்று அர்ச்சகர் சொல்லியிருந்தார். அப்பாவால் எங்கேயும் நகர முடியாது. அம்மா அவருடைய ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள். புஜத்தைக் கையால் பிடித்தாள். கட்டை விரலும் நடு விரலும் ஒன்றையொன்று தொட்டன.

"எப்பத்துலருந்து?"

அப்பா கூரையைப் பார்த்தார்.

"எப்பத்துலருந்துன்னு கேக்கறேன்."

"தீபாவளிக்கு முன்னாடி இருந்து."

தட்டு லேசாக ஆடிக்கொண்டே இருந்தது.

இளைப்பது

கோயில் வாசலில் உட்கார்ந்துதான் மிச்சத்தைச் சொன்னார். என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, கை நடுங்குகிறது. டாக்டரிடம் போக பயம். இரண்டு சட்டை போட்டு அதற்குமேல் ஸ்வெட்டர் போட்டால் பழைய ஆள் மாதிரியே தெரிந்தார், அதனால் போட்டார். வியர்த்துக் கொட்டினாலும் கழற்றவில்லை.

"எங்கப்பாவும் இப்படித்தான் எளச்சாரு அமுதா" என்றார் அம்மாவிடம்.

அவ்வளவுதான் சொன்னார். எங்களுக்கு அது போதும். கே.ஜி.எஃப்-இல் தங்கச் சுரங்கத்துக்குள் போய் வந்த தாத்தா, நெஞ்சில் தூசி கட்டி, இரண்டே வருஷத்தில் எலும்பும் தோலுமாகப் போனது எங்கள் வீட்டில் யாரும் எடுக்காத பேச்சு. அப்பா சுரங்கத்துக்குள் ஒரு நாள்கூட இறங்கியதில்லை. இருந்தாலும் எடை குறைகிறது என்றால் அவருக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

மனுஷன் ஸ்வெட்டருக்குள் அதே இடத்தை அடைத்துக்கொண்டு, எடையை மட்டும் ஒவ்வொரு கிலோவாக விட்டிருக்கிறார். ஒரு லிட்டர் பாக்கெட்டில் எத்தனை கிராம் என்று ஊருக்கெல்லாம் பதில் எழுதுகிற நான் தினமும் அவருக்கு எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன்.

மறுநாளே ஆஸ்பத்திரி. ரத்தம், ஸ்கேன், எக்ஸ்ரே. நெஞ்சில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னபோது, அப்பா அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி தறிகெட்டு வேலை செய்கிறதாம். அதனால்தான் அந்தப் பசி, அந்த வியர்வை, அந்த இளைப்பு. மாத்திரை சாப்பிட்டால் கட்டுக்கு வரும், ஆனால் இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் இதயத்தைப் பிடித்திருக்கும் என்றார்.

பரண்மேல்

துலாபாரத்தன்று மிச்ச ஒன்றே முக்கால் மூட்டையைக் கோயிலிலேயே கொடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். அம்மா கேட்கவில்லை. ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"நான் வேண்டிக்கிட்டது எழுபத்திரெண்டு கிலோ ஆளுக்கு. மிச்ச ஆளும் வந்தப்புறம் குடுப்பேன்."

இப்போது அது எங்கள் வீட்டுப் பரண்மேல் இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு அப்பா எடை பார்க்கும் மிஷினில் ஏறுவார். எத்தனை கிலோ ஏறியிருக்கிறாரோ அத்தனை கிலோ பொரியை நான் அளந்து எடுக்க வேண்டும், அம்மா அன்றைக்கே கோயிலில் கொடுத்துவிட்டு வருவாள். கிலோவுக்குப் பத்து லிட்டர். அம்மா இப்போது அப்பாவின் உடம்பை மூட்டையில்தான் சொல்கிறாள். யாராவது விசாரித்தால், "பரவால்ல, இன்னும் ஒண்ணே கால் மூட்டை வரணும்" என்கிறாள். கேட்டவர்கள் குழம்பிப்போய்த் தலையாட்டுகிறார்கள்.

இதிலும் எனக்கு ஒரு சந்தேகம் தீரவில்லை. பெங்களூர் மழைக்குப் பரண்மேல் பொரி நமத்துவிட்டது. போன மாதம் நிறுத்தால் லிட்டருக்கு நூற்றிப் பத்து. அம்மா சட்டியில் போட்டு வறுத்ததும் மறுபடி குறைந்தது. எந்த எண்ணை வைத்துக்கொள்வது? அம்மாவைக் கேட்டால் கேனைக் கையில் கொடுத்து, "பத்துன்னா பத்து" என்கிறாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா குளித்துவிட்டு, தலை வாரிக்கொண்டு, கம்பீரமாக வந்து மிஷின் முன்னால் நின்றார். ஒரு காலைத் தூக்கி வைத்தார்.

அம்மா சமையலறையிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஸ்வெட்டர கழட்டிட்டு ஏறுங்க."

அப்பா காலை இறக்கினார். ஸ்வெட்டரைத் தலை வழியாக இழுத்துக் கழற்றி நாற்காலியில் போட்டார். கொஞ்சம் யோசித்து, பாக்கெட்டிலிருந்த செல்போனையும் சாவிக் கொத்தையும் எடுத்து அதன்மேல் வைத்தார். அப்புறம் வெறும் பனியனோடு ஏறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றார்.

நான் லிட்டர் கேனை எடுத்துக்கொண்டு பரணுக்கு ஏணி போட்டேன்.